கோலுப் என்று சொன்ன பையன்

1958 மார்ச்சில் ப்ரூனோ டவுபெவுக்கு வந்த கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. போரில் தொலைந்துபோன பிள்ளைகளைத் தேடும் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். "உங்கள் குடும்பத்துக்கு 1938க்கு முன் வேறு பெயர் இருந்ததா? இருந்திருந்தால் அது என்ன என்று தெரிவிக்க வேண்டுகிறோம்."

ப்ரூனோ அப்போதுதான் காலை ஷிஃப்ட் முடித்து வந்திருந்தார். ரயில்வேயின் நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி அதைப் படித்தார். மடித்து வைத்தார். திரும்ப எடுத்துப் படித்தார். பாத்திரத்தில் உருளைக்கிழங்கு தண்ணீர் வற்றி, அடிப்பிடித்து, புகைய ஆரம்பித்த பிறகுதான் அவர் நகர்ந்தார். பதினொரு வருடங்களாக அந்த அலுவலகம் அவருக்கு அனுப்பிய கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன: இதுவரை தகவல் இல்லை, தேடல் தொடர்கிறது. கேள்வி கேட்டு எழுதியது இதுதான் முதல் தடவை. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் உட்காரக்கூட முடியவில்லை.

ஏனென்றால் அவர் பிறக்கும்போது டவுபெ இல்லை. கோலுப்.

கிழக்கே, அப்போது ஜெர்மனியின் எல்லையோரமாக இருந்த மசூரியாவின் ஏரிகளுக்கு நடுவே பொரோவ்கென் என்ற ஊரில் கோலுப் குடும்பம் எத்தனை தலைமுறையாக மீன் பிடித்து வாழ்ந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்தப் பக்கத்துப் பழைய பேச்சில் கோலுப் என்றால் புறா. வீட்டில் பேசியது போலிஷ் மாதிரி இருக்கும்; பள்ளிக்கூடத்திலும் ரயில் நிலையத்திலும் ஜெர்மன். இரண்டும் சேர்ந்ததுதான் தாங்கள் என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை, 1933 வரை.

பிறகு குழப்பம் வந்தது. அரசாங்க வேலையில் இருந்த ஒவ்வொருவனும் தன் பாட்டன் பூட்டன் யார் என்று காகிதத்தில் காட்ட வேண்டும் என்றார்கள். ப்ரூனோ ரயில்வேயில் உதவி நிலைய அலுவலராக இருந்தார். பாதிரியாரிடம் போய் ஞானஸ்நானப் பதிவேடுகளைத் திறக்கச் சொன்னார். பாதிரியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பக்கம் பக்கமாகத் திருப்பினார். 1840இல் கோலுப். 1791இல் கோலும்ப். அதற்கும் முன்னால், எலி கடித்த ஒரு பக்கத்தில், கொலொம்பெக்.

"எது சரி?" என்று ப்ரூனோ கேட்டார்.

"உங்க ஆளுங்களுக்கு எழுதத் தெரியாது. வந்து வாயால சொல்லுவாங்க. அந்தக் காலத்துப் பாதிரியார் காதுல என்ன விழுந்துச்சோ அத எழுதுவாரு. எல்லாமே சரிதான்," என்றார் பாதிரியார்.

அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தும் பதவி உயர்வு வரவில்லை. இரண்டு தடவை அவரைத் தாண்டி இளையவர்கள் போனார்கள். நிலைய அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. ஒருநாள் காப்பி குடிக்கும்போது அவராகவே சொன்னார்.

"உன் வேலையில ஒரு குறையும் இல்லப்பா. பேருதான் இடிக்குது. மேல லிஸ்ட்டப் பாக்குறவன், இவன் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளான்னு கேக்குறான். பேரத்தான் மாத்திக்கிட்டா என்ன? உன் தோலையா உரிக்கச் சொல்றோம்?"

ப்ரூனோ மாற்றிக்கொண்டார். 1938 மே மாதம். கோலுப் என்பதை அப்படியே ஜெர்மனில் ஆக்கினால் டவுபெ, அதே புறாதான். எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்பா சாமுவேலிடம் அதை அப்படித்தான் சொல்லவும் செய்தார்.

சாமுவேல் வலையில் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"டவுபெயா? அவங்க பாஷையில புறாவும் டவுபெதான், காது கேக்காத பொம்பளையும் டவுபெதான். நீ இதுல எதுடா?"

"அப்பா, சும்மா கேலி பண்ணாதீங்க. வேலை போயிரும்."

"போகட்டும். ஏரி எங்கயும் போகல."

"எனக்கு ஏரி வேணாம்."

"அப்ப சரி. நான் பேசுறது இனிமே உன் காதுல விழாதுன்னு சர்க்கார்ல எழுதி வாங்கிட்டு வந்துட்ட. நல்லது. ஆனா ஒண்ணு, அந்தப் பேரு என் வாயில வராது. செத்தாலும் வராது." 

கிழவர் வறட்டுப் பிடிவாதக்காரர் என்பது ஊருக்கே தெரியும். அதே கோடையில் ஊருக்கும் பெயர் மாற்றினார்கள். பொரோவ்கென் போய் கீஃபெர்ன்ஹைடே வந்தது. பலகையை மாட்டிய அன்று சாராயக்கடையில் ஒரு மீனவன், "நேத்து பொரோவ்கென்ல படுத்தேன், இன்னிக்கு வேற எங்கயோ எந்திரிச்சிருக்கேன், என் பொண்டாட்டி மட்டும் அதே பொண்டாட்டி," என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தான். சாமுவேல் மட்டும் சிரிக்கவில்லை என்று பிறகு ப்ரூனோவிடம் சொன்னார்கள்.

1940 ஜூலையில் ப்ரூனோவுக்கும் மனைவி ஒட்டிலிக்கும் ஆர்னோ பிறந்தான். பதிவேட்டில் அவன் பிறக்கும்போதே டவுபெ. பேச்சு வந்ததும் ஒட்டிலி அவனை மடியில் வைத்துக்கொண்டு பழக்கினாள்.

"யாராவது பேரு கேட்டா என்னடா சொல்லணும்?"

"ஆர்னோ டவுபெ."

"எந்த ஊரு?"

"கீஃபெர்ன்ஹைடே."

பிறகு பையன் தாத்தாவின் மீன் புகைபோடும் கொட்டகைக்கு ஓடுவான். அங்கே சாமுவேல் கேட்பார், "வாடா, நீ யாரு?" பையன் கொஞ்சமும் தயங்காமல், "ஆர்னோ கோலுப், பொரோவ்கென்," என்பான். அங்கே ஒரு பதில், இங்கே ஒரு பதில். அவனுக்கு அது விளையாட்டு. ப்ரூனோ ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு அப்பாவிடம் கத்தினார். இன்னொரு நாள் கேட்டுவிட்டுத் தனக்குள் சிரித்தபடி போய்விட்டார். சிரித்த நாள்தான் பிற்பாடு அவரை அதிகம் வதைத்தது.

1945 ஜனவரியில் ரஷ்யப் படை நெருங்கியபோது ஊரைவிட்டுக் கிளம்பக் கூடாது என்று கடைசிவரை தடை இருந்தது. தடை நீங்கிய அன்று ப்ரூனோ தன் ரயில்வே அடையாள அட்டையைக் காட்டி, சண்டை போட்டு, ஒட்டிலியையும் பையனையும் அப்பாவையும் ஒரு சரக்கு வண்டியில் ஏற்றிவிட்டார். ரயில்வேக்காரர்கள் இருந்தே ஆக வேண்டும் என்பதால் அவர் பின்தங்கினார். பிறகு பிடிபட்டு, முகாமில் கிடந்து, 1946 இலையுதிர் காலத்தில்தான் மேற்கே, லோயர் சாக்ஸனியின் ஒரு சின்ன டவுனில், ஒரு பண்ணை வீட்டு மேல்மாடியில் ஒட்டிலியைக் கண்டுபிடித்தார். அவள் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் அறையில் ஒரு கட்டில்தான் இருந்தது.

அவள் நடந்ததை ஒரே தடவைதான் சொன்னாள். பொமரேனியாவில் ஒரு சந்திப்பு நிலையத்தில் வண்டி நாலு மணி நேரம் நின்றது. பையனுக்கு ஒன்றுக்கு வந்தது. பெட்டியில் காலை ஊன்றவும் இடமில்லை. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மாமா, "நான் கூட்டிட்டுப் போறேன், நீ இடத்த விடாத," என்று பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். விசில்கூட அடிக்கவில்லை. வண்டி கிளம்பிவிட்டது. அவளுக்கும் கதவுக்கும் நடுவே முப்பது பேர். அவள் அவர்கள் தலைமேல் ஏறிப் போகப் பார்த்தாள். யாரோ அவள் காலைப் பிடித்துக்கொண்டார்கள், நல்ல எண்ணத்தில்தான். கதவிடுக்கு வழியாக அவள் கடைசியாகப் பார்த்தது மாமாவின் தொப்பியை. அவர் ஓடவில்லை. ஓடி என்ன ஆகப்போகிறது என்று நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

மறுவாரமே தேடல் அலுவலகத்தின் படிவம் வாங்கி வந்தார்கள். ப்ரூனோவின் கையெழுத்து நன்றாக இருக்கும், அவர்தான் நிரப்பினார். பெயர், பிறந்த தேதி, ஊர், அடையாளம்: இடது புருவத்தில் தீக்காயத் தழும்பு. ஏழாவது கட்டத்தில், 'குடும்பத்தின் முந்தைய பெயர்கள் இருப்பின்' என்று இருந்தது.

"கோலுப்னு எழுதுங்க," என்றாள் ஒட்டிலி.

"எதுக்கு? அவன் பிறந்ததே டவுபெயாத்தான்."

"மாமா அவன அப்படித்தானே கூப்பிடுவாரு. எழுதி வச்சா என்ன குறையுது?"

என்ன குறைகிறது என்று ப்ரூனோவுக்குத் தெரியும். கீழே பண்ணைக்காரி அவர்களைப் பார்க்கும்போதெல்லாம், போலந்துக்காரர்களை ஏசும் வார்த்தையான 'போலாக்' என்று முணுமுணுப்பாள். தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகள் அதையே கத்துவார்கள். ரயில்வேயில் மறுபடி சேர்த்துக்கொள்ள மனு போட்டிருந்தார். எட்டு வருடம் முன்னால் கொடுத்த விலையை இப்போது இந்த ஒரு கட்டத்தில் எழுதி வீணாக்குவதா? மையில் பேனாவைத் தொட்டு, ஏழாவது கட்டத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

1951இல் அவள் இன்னொரு முறை கேட்டாள். அந்த வாரம்தான் ரயில்வே யார்டில் மேஸ்திரி எல்லார் முன்னாலும் அவரிடம், "ஏய் போலாக், உங்க ஊருல ரயிலுக்கு மாடு பூட்டுவீங்களா?" என்று கேட்டிருந்தான். அந்தக் கோபம் முழுவதையும் ப்ரூனோ வீட்டில் கொண்டுவந்து கொட்டினார்.

"அந்தப் பேர இந்த வீட்டுல எடுக்காத. அதுதான் நம்மள இந்தக் கதிக்குக் கொண்டுவந்துச்சு."

ஒட்டிலி மூன்றாம் தடவை கேட்கவில்லை. ஒவ்வொரு ஜூலையிலும் கடைவீதியில் இருந்த செருப்புக் கடைக்குப் போவாள். "பதினோரு வயசுப் பையனுக்கு எந்த நம்பர் வரும்?" என்று கேட்பாள். கடைக்காரர் எடுத்து வைப்பார். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரேன்," என்று சொல்லிவிட்டு வருவாள். பதினான்கு வயது நம்பர்தான் அவள் கடைசியாகக் கேட்டது. 1955 பிப்ரவரியில் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள்.

அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக ப்ரூனோ ஒரு அட்டையில், 'ஆம். கோலுப்.' என்று மட்டும் எழுதி அனுப்பினார். பதினாறாம் நாள் தடிமனான உறை வந்தது. உள்ளே 1945ஆம் வருடத்து அட்டை ஒன்றின் நகல். யாரோ ஒரு நர்ஸின் அவசரக் கையெழுத்து.

'ஆர்னோ, வயது சுமார் ஐந்து. குடும்பப் பெயர் கோலுப் என்று தெளிவாகச் சொல்கிறான். ஊர் பொரோவ்கென் என்கிறான். தாத்தா சாமுவேல், நிலையத்தில் இறந்தார். தாய் ரயிலில் போய்விட்டதாகச் சொல்கிறான். இடது புருவத்தில் தழும்பு.'

அப்படி ஓர் ஊர் அப்போதிருந்த வரைபடம் எதிலும் இல்லை. பெயரும் அந்தப் பக்கத்துப் பெயராக இருந்தது. அதனால் அந்த அட்டை, எந்த நாட்டுப் பிள்ளை என்று தெரியாதவர்களின் அலமாரியில் போய்ச் சேர்ந்தது. டவுபெ என்ற பையனைத் தேடும் அட்டை வேறு அலமாரியில். இரண்டும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தன. ஊர்களின் பழைய பெயர்ப் பட்டியலை உட்கார்ந்து ஒப்பிட்ட ஒரு பெண், தற்செயலாக இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறாள்.

ப்ரூனோ ஒட்டிலியின் கல்லறைக்குப் போனார். கடிதம் சட்டைப்பையில் இருந்தது. கல்மீது கிடந்த காய்ந்த இலைகளைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிட்டார்.

பையனிடமிருந்து கடிதம் ஏப்ரலில் வந்தது. ஹோல்ஸ்டைன் கடற்கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் படகு எஞ்சின் மெக்கானிக்காக வேலை செய்வதாக எழுதியிருந்தான். வளர்ந்தது அனாதை இல்லத்தில். சின்னக் கடிதம்தான்.

'மதிப்பிற்குரிய திரு. டவுபெ அவர்களுக்கு, நீங்கள் என் தந்தை என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று அவர்கள் எழுதவில்லை. அதை மட்டும் முதலில் தெரிவித்தால் நன்றாக இருக்கும். ஆர்னோ கோலுப்.'

ப்ரூனோ நாலு தாள்களைக் கிழித்தார். கடைசியில் போனது ஒரு வரி. 'அம்மா 1955இல் இறந்துவிட்டாள். கடைசி நாள் வரை உன்னைத் தேடினாள்.' அதற்குப் பதில் வரவில்லை. ஆறு வாரம் கழித்து ஓர் அட்டை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொன்று நாற்பது வண்டியில் வருவதாக.

ஸ்டேஷனில் இறங்கிய பத்துப் பதினைந்து பேரில் ப்ரூனோவுக்கு அவனைத் தேட வேண்டியிருக்கவில்லை. சாமுவேலின் தோள்கள். சாமுவேலின் நடை; படகில் பழகியவனின் அகட்டிய நடை. பையன் கையை நீட்டினான். குலுக்கினார்கள்.

"பிரயாணம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க. ஹாம்பர்க்ல மாறணும், அவ்வளவுதான்."

'ங்க' போட்டுத்தான் பேசினான். பிற்பாடும் அது மாறவில்லை.

முதலில் கல்லறைக்குப் போகலாம் என்று அவன்தான் சொன்னான். வழியில் லைலாக் பூ விற்றவளிடம் ஒரு கொத்து வாங்கினான். கல்லுக்கு முன்னால் நின்று நெடுநேரம் படித்தான். ஒட்டிலி டவுபெ, 1912 - 1955. 

"யாரோ வேற ஒருத்தங்க மாதிரி இருக்கு," என்றான். "நான் ஒட்டிலி கோலுப்னுதான் தேடினேன். சின்னப் பையனா இருக்கும்போது இல்லத்துக்கு யாரு வந்தாலும் போய் நிப்பேன். திருமதி கோலுப் வந்திருக்காங்களான்னு கேப்பேன். என்னைய அங்க கோலுப் அம்மான்னே கூப்பிட்டுக் கிண்டல் பண்ணுவாங்க."

பூவை வைத்துவிட்டு எழுந்தான். அழவில்லை. ப்ரூனோவும் அழவில்லை, இவன் முன்னால் அழுவதற்குத் தனக்கு என்ன உரிமை என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டில் காலையிலேயே இறைச்சி உருண்டைகளைப் பிடித்து வெள்ளைக் குழம்பில் போட்டு வைத்திருந்தார். ஒட்டிலி செய்கிற மாதிரி வரவில்லை. பையன் மரியாதையாகச் சாப்பிட்டான். இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டான். பிறகு, கேட்காமலேயே, அந்த நிலையத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான்.

"வெயிட்டிங் ஹால்ல மூணு நாளு இருந்தோம். தாத்தாவுக்கு நெஞ்சுல சளி. மூச்சு வாங்கும். என்னைய கோட்டுக்குள்ள வச்சுக்குவாரு. தூங்கவே விட மாட்டாரு, தூங்கினா செத்துருவேன்னு பயம்போல. எழுப்பி எழுப்பிக் கேப்பாரு. நீ யாரு? எந்த ஊரு? சரியாச் சொன்னா கோட்டுப்பையில இருந்து ஒரு சக்கரைக் கட்டி. நாலாம் நாள் காலையில நானா எந்திரிச்சு, அவரு கேக்காமயே சொன்னேன். ஆர்னோ கோலுப், பொரோவ்கென். சக்கரை வரல. அவரு கைய நானே பையில விட்டு எடுக்கப் பாத்தேன். விரல் மடங்கல."

ப்ரூனோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒரு நர்ஸ் வந்து தூக்கிட்டுப் போனாங்க. அவங்ககிட்டயும் சொன்னேன். எல்லார்கிட்டயும் சொன்னேன். வேற பேரு எதுவும் ஞாபகத்துல நிக்கல. நாப்பத்தெட்டுல ஒரு பண்ணைக்காரங்க என்னையத் தத்து எடுக்க வந்தாங்க. நல்லவங்க. அவங்க வீட்டுல ஒரு குட்டிக்குதிர இருந்துச்சு. ஆனா பேர மாத்தணும்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். பேர மாத்திட்டா அம்மா எப்படிக் கண்டுபிடிப்பாங்க? மணல்மேட்டுல போய் ரெண்டு நாள் ஒளிஞ்சுக்கிட்டேன். அவங்க வேற பையனக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். பையன் தட்டை நகர்த்தி வைத்தான்.

"ஒண்ணு கேக்கணும். தேடச் சொல்லி எழுதிக் குடுக்குற படிவத்துல, பழைய பேரு இருந்துச்சான்னு கேக்க மாட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன எழுதுனீங்க?"

"கோடு போட்டேன்."

"கோடா?"

"ஆமா. ஒண்ணும் இல்லன்னு."

"அம்மா?"

"எழுதச் சொன்னா. ரெண்டு தடவ சொன்னா. நான் விடல."

பையனின் முகத்தில் கோபம் வரும் என்று ப்ரூனோ காத்திருந்தார். வரவில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை சரிதானா என்று மறுபடி பார்ப்பவனைப் போல உட்கார்ந்திருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"தாத்தாவுக்குத் தெரியுமா? காகிதத்துல நான் டவுபென்னு?"

அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து ப்ரூனோ தன்னைத் திட்டியதைவிட அப்பாவைத்தான் அதிகம் திட்டியிருந்தார். கிழவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். பையனின் ஞானஸ்நானத்தன்று பாதிரியார் டவுபெ என்று சொன்னபோது முன்வரிசையில் உட்கார்ந்து வேண்டுமென்றே இருமியவர் அவர். வாயில் வராது என்றார், செத்தாலும் வராது என்றார், அப்படியே செய்தார். மூன்று நாள், சாவு மார்பில் உட்கார்ந்திருந்தபோதும், டவுபெ என்ற அந்த ஒரே ஒரு வார்த்தை வரவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தக் கோடையிலேயே பையன் அம்மாவிடம் வந்திருப்பான். அவள் அவனுக்கு ஐந்து வயது நம்பர் செருப்பு வாங்கியிருக்கலாம். ஒருவேளை கிழவர், மருமகள் நம் பெயரைச் சொல்லித்தானே தேடுவாள் என்று நம்பியிருக்கலாம். ஒருவேளை பிடிவாதம்தானோ என்னவோ. இனி யாரைக் கேட்பது?

பையன் பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு நேரத்தில் அவன் கண்ணில் பயம் தெரிந்தது இப்போதுதான். இவனுக்கு என்று இருந்தது ஒரு கோட்டும் சர்க்கரைக் கட்டியும் அந்தக் குரலும்தான் என்று ப்ரூனோ நினைத்தார்.

"தெரியாது," என்றார்.

"தெரியாதா?"

"நான் அவர்கிட்ட சொல்லவே இல்ல. பயம். சொன்னா படகுத் துடுப்பால அடிச்சிருப்பாரு."

"வாசல்ல பேருப்பலகை இருந்திருக்கும்ல?"

"அவருக்குப் படிக்கத் தெரியாது."

ஒவ்வொரு ஞாயிறும் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, பக்கத்து வீடுவரை கேட்கும்படி படித்தவர் சாமுவேல். ப்ரூனோ மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவரு மேல ஒரு தப்பும் இல்ல. தனக்குத் தெரிஞ்ச பேரத்தான் உனக்குச் சொல்லிக்குடுத்தாரு. எல்லாம் நான் பண்ணது."

பையன் நீளமாக மூச்சு விட்டான். தோள்கள் இறங்கின. "நானும் அப்படித்தான் நெனச்சேன்," என்றான். அந்த நிமிடம் அவன் தாத்தாவை முழுசாகத் திரும்பப் பெற்றுக்கொண்டதும், அப்பாவை முழுசாக விட்டுவிட்டதும் ப்ரூனோவுக்குத் தெரிந்தது.

தெரிந்தும், அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "நான் பழைய பேருக்கே மாறிடலாம்னு இருக்கேன். இப்ப மனு போட்டா குடுப்பாங்களாம். விசாரிச்சுட்டேன்."

"வேணாங்க."

"உனக்காகச் சொல்லல. எனக்கே—"

"நீங்க மாத்திக்கிட்டா அம்மா மட்டும் அந்தப் பேர்ல தனியா கெடப்பாங்க. அவங்க கூட நீங்களாவது இருங்க."

ஆறு மணி வண்டிக்குப் போவதாக இருந்தவன் நாலு மணி வண்டிக்கே கிளம்பினான். ஸ்டேஷனில் ப்ரூனோ அவனுக்கு ஒட்டிலியின் புகைப்படம் ஒன்றைக் கொடுத்தார். ஏரிக்கரையில், காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் படம். அவன் அதைத் தொப்பிக்குள் வைத்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டான். ஜன்னல் வழியாகத் தலையசைத்தான். வண்டி போன பிறகு சிக்னலை இறக்கிய சக ஊழியர் கேபினிலிருந்து கேட்டார், "யாருப்பா அது, சொந்தக்காரப் பையனா?" ப்ரூனோ, "ஊர்க்காரப் பையன்," என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

அதன்பிறகு கிறிஸ்துமஸுக்கு ஓர் அட்டை வரும். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கல்லறைக்குப் பூ வைக்கச் சொல்லிப் பூக்கடைக்குப் பணம் அனுப்பிவிடுவான். பூ வந்த பிறகுதான் ப்ரூனோவுக்குத் தெரியும். ப்ரூனோ கடிதம் எழுதுவார், யார்டில் பனி, தக்காளிச் செடி, பக்கத்து வீட்டு நாய் என்று. பதிலில் எஞ்சின்களைப் பற்றி இரண்டு வரி இருக்கும்.

1962 மே மாதம் கல்யாண அழைப்பு வந்தது. ஆர்னோ கோலுப் - வீப்கெ ஹின்ரிக்ஸ். அச்சடித்த அட்டையின் கீழே அவன் கையெழுத்தில், 'முடிந்தால் வாருங்கள்' என்று இருந்தது. ப்ரூனோ புதுச் சட்டை எடுத்துக்கொண்டு போனார்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் விருந்து. அவருக்கு நடுமேசையில் இல்லை, ஜன்னலோரம், படகுக்காரர்களுடன் இடம். அவர்கள் நல்லவர்கள், கண்ணாடிக் கிளாஸை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். மணமகளின் அப்பா எழுந்து பேசினார். மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லாத குறையை இனித் தங்கள் வீடு தீர்க்கும் என்றார். எல்லாரும் கிளாஸை உயர்த்தினார்கள். ப்ரூனோவும் உயர்த்தினார். தூரத்தில் ஆர்னோ ஒரு கணம் இந்தப் பக்கம் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான்.

நடனம் ஆரம்பித்த பிறகு மணமகள் ஒவ்வொரு மேசையாக வந்தாள். சிவந்த கன்னம், காலணி கடிக்கிறது என்று வெளிப்படையாக நொண்டிக்கொண்டே வந்தாள். ப்ரூனோவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்கதான் டவுபெ ஐயாவா? ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. ஆர்னோ உங்களப் பத்திச் சொல்லியிருக்காரு."

"என்ன சொன்னான்?"

"அவங்க அம்மாவுக்குத் தெரிஞ்சவர்னு. அவங்கள கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டவர்னு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவரு அம்மாவப் பத்திப் பேசவே மாட்டாரு. நீங்க சொல்லுங்களேன். எப்படி இருப்பாங்க?"

ப்ரூனோ கையில் இருந்த கேக் துண்டைக் கீழே வைத்தார். சொன்னார். ஒட்டிலி சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள், முன்பல் கொஞ்சம் கோணல் என்பதால். கோபம் வந்தால் பாத்திரம் துலக்குவாள், துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்குவாள். பாட வராது, ஆனாலும் பாடுவாள். வீப்கெ தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாத்தியக்காரர்கள் அடுத்த பாட்டை ஆரம்பித்ததும் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்கீங்க அவங்கள," என்று எழுந்தாள்.

"கொஞ்சம் தெரியும்மா," என்றார் ப்ரூனோ.